வௌவாலை ஓட்ட இருந்தவள்

அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க மேடம். நின்னா கால்தான் வலிக்கும். லீவு நாள் வேற, க்யூ ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. உங்க வீட்டுக்காரரும் பொண்ணும் இப்பதான் முதல் வளைவுல நிக்கிறாங்க. மஞ்சள் பனியன்தானே அவரு? பையெல்லாம் இப்படி உள்ள தள்ளி வைங்க, நான் பாத்துக்குறேன்.

பத்திரமான்னு கேக்குறீங்க. எல்லாரும் அதை என்கிட்டதான் கேக்குறாங்க, செருப்பு வாங்கி வைக்கிறவகிட்ட. பத்திரம்தான். இந்த ரைடுல ஒவ்வொரு பூட்டும் எனக்குத் தெரியும். சும்மா சொல்லல மேடம். இதை ஓட்ட இருந்தவளே நான்தான்.

நம்ப மாட்டீங்க. எங்க நாத்தனாரும் நம்பல. அதை அப்புறம் சொல்றேன்.

மத்த ரோலர் கோஸ்டர்ல தண்டவாளம் கீழ இருக்கும், பெட்டி மேல ஓடும். இதுல தண்டவாளம் தலைக்கு மேல. ஆளுங்க கீழ தொங்குவாங்க. கால் அந்தரத்துல ஆடும், அதான் செருப்பை இங்கேயே கழட்டி வாங்கிக்கிறோம். போர்டுல ஏதோ இங்கிலீஷ் பேரு எழுதியிருக்கு. எங்க ஆளுங்க யாரும் அதைச் சொல்றதில்ல. வௌவால்னுதான் சொல்லுவோம். அந்தப் பேரை வெச்சது ஜெசிந்தா.

ஜெசிந்தா யாருன்னா, அவதான் மேடம். என்னைக் காட்டிக் குடுத்தவ.

நானும் அவளும் ஒரே நாள்ல இங்க வேலைக்கு வந்தோம். பதினாறு வருஷம் முன்னாடி. நான் சிங்கபெருமாள்கோயில், அவ செங்கல்பட்டு. ரெண்டு பேருக்கும் துடைப்பம்தான் குடுத்தாங்க. தண்ணி விளையாட்டு இருக்குல்ல, அந்தப் பக்கம் ஈரத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். தள்ளித் தள்ளி கால் விரலுக்கு நடுவுல புண்ணாயிடும். அவ வீட்டுலேருந்து மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைச்சு ஒரு டப்பாவுல கொண்டாருவா. மத்தியானம் கேன்டீன் பின்னாடி உக்காந்து எனக்குப் பூசி விட்டுட்டுத்தான் அவளுக்குப் பூசிக்குவா. நல்லவதான். நான் இல்லைன்னு சொல்லல. நல்லவங்க செய்யிறதுதான் மேடம் ஜாஸ்தி வலிக்குது.

அஞ்சு வருஷம் கழிச்சு, குழந்தைங்க ராட்டினத்துக்குப் பொம்பளைங்க நின்னா நல்லா இருக்கும்னு மேனேஜருக்கு யாரோ சொல்லியிருக்காங்க. மேனேஜர் பேரு தணிகைவேல் சார். எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. துடைப்பத்தை வெச்சுட்டுப் போய் பட்டனைத் தொட்டோம். அங்கேருந்து ஊஞ்சல் மாதிரி ஆடுற கப்பல், அங்கேருந்து பழைய ரோலர் கோஸ்டர். ஒரு ஆளு பேனல்ல உக்காரணும், ஒரு ஆளு பெல்ட் பாக்கணும். மாத்தி மாத்தி இருப்போம். நான் பேனல்ல இருந்தா அவ கீழ, அவ பேனல்ல இருந்தா நான் கீழ. அவ கட்டைவிரலைத் தூக்கினா நான் கண்ணை மூடிக்கிட்டு அனுப்புவேன். அவ்வளவு நம்பிக்கை.

போன வருஷம்தான் இந்த வௌவால் வந்துச்சு. இரும்பெல்லாம் கப்பல்ல வந்து, லாரி லாரியா இறங்கிச்சு. வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பேர் வந்து ஏழு மாசம் இங்கேயே கெடந்து மாட்டினாங்க. அதுக்கு ஓட்டுறவங்க வேணும்னு பரீட்சை வெச்சாங்க. ஆறு வாரம் வகுப்பு. எல்லாம் காலேஜ் முடிச்ச பசங்க, நாங்க ரெண்டு பேரு மட்டும்தான் பத்தாவது. வேன்ல போறப்ப வர்றப்ப எல்லாம் படிப்போம். அவ கேப்பா, நான் சொல்லுவேன். "காத்து எவ்வளவு வேகத்துக்கு மேல அடிச்சா நிறுத்தணும்? மழை தூறினா என்ன செய்யணும்? மேல பாதியில நின்னுட்டா முதல்ல யாருக்குப் போன்?" டிரைவர் அண்ணனுக்கே எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு.

நான்தான் முதல் மேடம். பதினொரு பேர்ல. அவ மூணாவது. நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க, திறப்பு விழா அன்னிக்கு பேனல்ல மரகதம், அதான் நான், பெல்ட் பாக்குறதுக்கு ஜெசிந்தா, இன்னொரு பையன். பத்திரிகைக்காரங்க வருவாங்க, முதல் வண்டியை அனுப்புறது ஒரு பொம்பளைன்னு போட்டோ எடுப்பாங்கன்னு தணிகைவேல் சாரே சொன்னாரு. அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. நேரா சமையக்கட்டுல போய் நின்னு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம்தான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அப்புறம் தெரு பூரா சொன்னேன்.

எங்க நாத்தனார் வாசுகி தாம்பரத்துல இருக்கா. அவ எங்கே போனாலும் என்னைப் பத்தி ஒரே பேச்சுதான், "எங்க அண்ணி பார்க்குல கூட்டுறாங்க"ன்னு. நான் கூட்டுறதை விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு, ஆனா அவ வாய்ல நான் இன்னும் கூட்டிக்கிட்டேதான் இருந்தேன். அவளுக்கு நானே போன் பண்ணினேன். குடும்பத்தோட வா, பாஸ் எடுத்து வெச்சிருக்கேன், திறப்பு விழாவுக்கு வந்து பாருன்னேன். சரி அண்ணின்னா.

இப்ப கண்ணு விஷயத்துக்கு வரேன். அது பெரிய விஷயம் இல்ல, ஆனா அதை வெச்சுத்தான் எல்லாத்தையும் பண்ணினாங்க.

எனக்கு சுகர் இருக்கு மேடம். எட்டு வருஷமா. போன வருஷம் சித்திரையில, இடது கண்ணுல நூல் நூலா ஓட ஆரம்பிச்சுது. கறுப்பா, கொசு பறக்குற மாதிரி. அப்புறம் கண்ணோட கீழ்ப்பக்கம் ஒரு திரை போட்ட மாதிரி இருந்துச்சு. ஜெசிந்தாகிட்ட மட்டும்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது. வார லீவு அன்னிக்கு அவதான் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. கண்ணுல சொட்டு மருந்து விட்டு உக்கார வெச்சிருந்தாங்க, ஒண்ணும் தெரியல, அவ கையைப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். டாக்டர் பாத்துட்டு, கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது, சீக்கிரம் லேசர் வைக்கணும், ரெண்டு மூணு தடவை வரணும்னாரு. ரெண்டு மூணு தடவைன்னா லீவு போடணும். லீவு போட்டா ஏன்னு கேப்பாங்க. பரீட்சை நேரம் அது.

வெளிய வந்து, ஆஸ்பத்திரி வாசல்ல இளநீர் குடிச்சுக்கிட்டு அவகிட்ட சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாதடி. திறப்பு விழா முடிஞ்சதும் லேசர் வெச்சுக்குறேன்."

"அதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்குடி."

"மூணு மாசத்துல கண்ணு எங்கேயும் ஓடிப் போயிடாது. சத்தியம் பண்ணு."

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாது. சொல்ல மாட்டேன், போதுமா?"

போதும்னேன். அது போதும்னு நினைச்சதுதான் என் தப்பு.

அப்புறம் மெடிக்கல் செக்கப் வந்துச்சு. வௌவாலுக்குத் தேர்வான எல்லாருக்கும். கண்ணுக்குன்னு சுவத்துல ஒரு அட்டை மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு எழுத்தைப் படிக்கச் சொன்னாங்க. வரிசையில அவ எனக்கு முன்னாடி. உள்ள போயிட்டு வந்தவ, தண்ணி பாட்டிலைக் குடுக்குற மாதிரி என் பக்கத்துல வந்து நின்னா. அவ உள்ளங்கையில பேனாவால கடைசி மூணு வரியும் எழுதியிருந்தா. நான் கேக்கவே இல்ல மேடம். கேட்டேனா? முந்தின நாள் வேன்ல, "நாளைக்கு அந்த அட்டையை நினைச்சாத்தான் பயமா இருக்குடி"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவளா எழுதிட்டு வந்தா. நான் மூணு வரியையும் ஒப்பிச்சேன். நல்ல கண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.

பாருங்க, அந்த உள்ளங்கையே அப்புறம் என்ன வேலை பண்ணுச்சுன்னு.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. அதுக்கு முந்தின ரெண்டு வாரம் மணல் மூட்டையை சீட்ல கட்டி ஓட்டினாங்க. கடைசி வாரம் ஆளுங்களை ஏத்தி. கேன்டீன், தோட்டம், ஆபீஸ், எல்லா இடத்துலேருந்தும் ஸ்டாஃபைக் கூப்பிட்டு உக்கார வெச்சு. திங்கக்கிழமை நான் பேனல்ல இல்ல, பெல்ட் பாக்க நின்னேன். எல்லாரும் எல்லா வேலையும் பழகணும்னு மாத்தி விட்டாங்க. ஒரு வரிசையில நாலு பேர். இடது பக்கம் ரெண்டு நான், வலது பக்கம் ரெண்டு ஜெசிந்தா.

இது எப்படின்னா, தோளுக்கு மேலேருந்து ஒரு கம்பி இறங்கி நெஞ்சுல அமுக்கும். அது பூட்டலைன்னா மெஷின் நகரவே நகராது. அதுக்கும் மேல, கம்பியையும் சீட்டையும் சேத்து ஒரு பெல்ட் மாட்டணும். ஒருவேளை கம்பி விட்டுட்டாலும் அந்த பெல்ட் பிடிக்கும்னு ஒரு காவல். அது மாட்டியிருக்கா இல்லையான்னு மெஷினுக்குத் தெரியாது. நாமதான் இழுத்துப் பாக்கணும். ரெண்டு பக்கமும் பாத்து முடிச்சுக் கட்டைவிரலைத் தூக்கினா, காலுக்குக் கீழ இருக்குற தரை இறங்கிடும். தரை இறங்கிட்டா அப்புறம் யாரும் யாரையும் கிட்டப் போய்த் தொட முடியாது. வண்டி கிளம்பிடும்.

அன்னிக்கு மூணாவது வரிசை ஓரத்துல கேன்டீன் பொண்ணு ஷர்மிளா உக்காந்திருந்தா. ரொம்ப பயந்துக்கிட்டு, எங்கிட்ட ஏதோ பேசிக்கிட்டே இருந்தா. நான் கம்பியை அமுக்கினேன். நல்லா ஞாபகம் இருக்கு. பெல்ட்டையும் மாட்டினேன்னுதான் நான் நினைச்சேன். கடைசி வரிசை வரைக்கும் போயிட்டு வந்து கட்டைவிரலைத் தூக்கினேன்.

"நிறுத்து, நிறுத்து"ன்னு ஒரு சத்தம். ஜெசிந்தா. அந்தப் பக்கத்துலேருந்து கையை ரெண்டையும் தலைக்கு மேல ஆட்டுறா. பேனல்ல இருந்த பையன் பட்டன்லேருந்து கையை எடுத்துட்டான். அவ சுத்திக்கிட்டு ஓடி வந்து ஷர்மிளா பெல்ட்டை எடுத்தா. அது இடது பக்கமாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அவ அதை மாட்டினா, இழுத்துப் பாத்தா, என்னைப் பாக்காமலே திரும்பிப் போயிட்டா.

ஷர்மிளாவுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது. சிரிச்சுக்கிட்டே ஒரு சுத்து சுத்திட்டு வந்தா.

கம்பி பூட்டியிருந்துச்சு மேடம். நான் சொன்னேனே, கம்பி பூட்டலைன்னா வண்டி நகராது. ஒண்ணும் ஆகியிருக்காது. யாருக்குத்தான் ஒரு தடவை தவறாது? ஜெசிந்தாவே பழைய ரோலர் கோஸ்டர்ல ஒரு தடவை ஒரு ஆளோட தொப்பியை வாங்காம அனுப்பிட்டா. நான் யார்கிட்டயாவது போய்ச் சொன்னேனா?

சாயங்காலம் வேன்ல எப்பவும் போல பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம்.  டோல்கேட் தாண்டினதும் சொன்னா.

"நீயே போய் சார்கிட்ட சொல்லிடுடி. நானும் கூட வரேன்."

"என்னத்தை சொல்றது?"

"கண்ணைப் பத்தி. அந்த பெல்ட் உனக்குத் தெரியல. கைக்குக் கிட்ட தொங்கிச்சு, உனக்குத் தெரியல."

"ஷர்மிளா பேசிக்கிட்டே இருந்தா, அதான்."

"உனக்குத் தெரியலடி."

"இன்னும் நாலு நாள். நாலு நாள் பொறுத்துக்க முடியாதா உன்னால? நான் பேனல்ல உக்காரப் போறேன், பெல்ட் பாக்கப் போறது நீதானே?"

"பேனலுக்கும் கண்ணு வேணும்." அப்புறம் கையைப் பிடிச்சுக்கிட்டா. "புதன்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

புதன்கிழமைன்னு சொன்னா, நிஜம்தான். மறைக்கல நான். ஆனா அப்படிச் சொல்றவங்க எல்லாம் செஞ்சுடுவாங்களா மேடம்? நாம வீட்டுக்காரர்கிட்ட எத்தனை தடவை சொல்றோம், அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு. போயிட்டோமா? பழகின பழக்கத்துல ஒரு கோவத்துல சொல்றான்னு விட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை அவ ஒண்ணும் கேக்கல. புதன்கிழமை மத்தியானம், "சொல்லிட்டியா?"ன்னா. "நாளைக்கு"ன்னேன். சரின்னு தலையாட்டினா. நான் அதை எப்படி எடுத்துக்குறது? நாளைக்குன்னதுக்கு சரின்னா, ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்?

வியாழக்கிழமை காலையில நான் புது யூனிஃபார்மை வாங்கிக்கிட்டு வரேன். நீலக் கலர், தோள்ல பேரு தச்சது. தணிகைவேல் சார் கூப்பிடுறாருன்னு வந்து சொன்னாங்க. போட்டோவைப் பத்திப் பேசுவாருன்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். உள்ள போனா, மெடிக்கல்காரர் உக்காந்திருக்காரு. சுவத்துல அட்டை. வேற அட்டை மேடம். எழுத்தெல்லாம் வேற.

வலது கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். என்ன சொல்றது? முதல் பெரிய எழுத்தைச் சொன்னேன். அதுக்குக் கீழ ஒரே கலங்கல். பழைய அட்டையோட எழுத்து வாய்க்கு வந்துச்சு, சொல்ல ஆரம்பிச்சுட்டேன். மெடிக்கல்காரர் சாரைப் பாத்தாரு. சார் ஜன்னலைப் பாத்தாரு. "போதும்மா, உக்காருங்க"ன்னாரு.

"யாரு சார் சொன்னது?"ன்னு கேட்டேன்.

"யார் சொன்னா என்னம்மா."

"ஜெசிந்தாவா?"

அவரு தண்ணி டம்ளரை என் பக்கம் நகத்தி வெச்சாரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். அந்த நீலச் சட்டையை மேசை மேலேயே வெச்சுட்டேன்.

பதினாறு வருஷம் மேடம். கூடப் பொறந்தவகிட்ட கூட நான் அப்படி இருந்ததில்ல.

வெள்ளிக்கிழமை நான் வர மாட்டேன்னுதான் இருந்தேன். எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, வேலையை விட்டுடாத, குடுத்த இடத்துல நில்லுன்னு. குடுத்த இடம் இதுதான். இந்த கவுண்டர். அப்ப இந்த நாற்காலி கூடக் கிடையாது. அந்த அவசரத்துல நாத்தனாருக்குப் போன் பண்ணி வராதன்னு சொல்றதை மறந்துட்டேன். மறக்கல, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

வந்தா. பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, மாமியார், ரெண்டு பசங்க, அவ வீட்டுக்காரர். மேல மேடைப் பக்கம் நிமிந்து பாத்துக்கிட்டே வராங்க. பேனல் கண்ணாடிக்குள்ள ஒரு பையன் உக்காந்திருக்கான். போட்டோக்காரங்க எல்லாம் அவனைத்தான் எடுக்குறாங்க. வாசுகி என்னைத் தேடுறா, தேடிக்கிட்டே கவுண்டர்கிட்ட வந்து, ஆளைப் பாக்காம செருப்பைக் கழட்டி மேல வெச்சா. நான் எடுத்தேன். அப்பதான் பாத்தா.

"அண்ணி," அப்படின்னா.   அவ மாமியார் செருப்பு, பசங்க ஷூ, எல்லாத்தையும் ஒண்ணொண்ணா வாங்கி வெச்சு டோக்கன் குடுத்தேன். அவ வீட்டுக்காரர் மட்டும், "பரவாயில்லம்மா, நானே வெச்சுக்குறேன்"ன்னு ஷூவைக் கையில எடுத்துக்கிட்டாரு. அதுதான் மேடம் தாங்க முடியல. வாசுகி ஏதாவது சொல்லியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன். அவ அன்னிக்கு ஒண்ணுமே சொல்லல. இன்னி வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல.

அன்னிக்கு மேடையில ஜெசிந்தாவும் இல்ல. நான் முதல்ல கவனிக்கல. சாயங்காலம் கேன்டீன் பக்கம் போனா, கையில மாப்போட நிக்கிறா. கூட்டுறவங்க போடுற பழைய பச்சை யூனிஃபார்ம். சாப்பாட்டு மேசைக்குக் கீழ குனிஞ்சு யாரோ கொட்டின ஐஸ்கிரீமைத் துடைச்சுக்கிட்டு இருக்கா.

எனக்கு அன்னிக்கு நிஜமாவே ஒரு சந்தோஷம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். கெடுத்தவளுக்குக் கடவுள் குடுத்துட்டாருன்னு நினைச்சேன். ஷர்மிளாகிட்ட சொன்னேன், வேன்ல சொன்னேன், அவ காதுல விழுற மாதிரியே சொன்னேன். "கூட இருந்து குழி பறிச்சா, அந்தக் குழியில யாரு விழுவாங்க?"ன்னு. அவ முன் சீட்ல போய் உக்காந்துக்க ஆரம்பிச்சா. நான் கடைசி சீட். ஷர்மிளா அவகிட்ட ரொம்ப ஒட்டுதலா இருப்பா, டீயெல்லாம் கொண்டு போய்க் குடுப்பா. ஏன்னு எனக்குப் புரியல. அந்தப் பொண்ணுக்கு யாரோ பெல்ட் கதையைச் சொல்லியிருக்காங்க போல.

கண்ணுக்கு லேசர் வெச்சாச்சு. பார்க்குக்காரங்களே அனுப்பினாங்க, நாலு தடவை. டாக்டர் திட்டினாரு, இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா அந்தக் கண்ணு போயிருக்கும்மான்னு. டாக்டர்ங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. இப்ப நல்லாத் தெரியுது. அதோ உங்க பொண்ணு ரெண்டாவது வளைவுக்கு வந்துட்டா, தலையில சிவப்பு கிளிப். தெரியுதா? எனக்குத் தெரியுது.

கண்ணு சரியானதும், பொங்கலுக்கு அப்புறம், டாக்டர் எழுதிக் குடுத்த காகிதத்தை எடுத்துக்கிட்டு தணிகைவேல் சாரைப் போய்ப் பாத்தேன். "இப்பத் தெரியுது சார், என்னைத் திரும்ப மேல எடுத்துக்கங்க"ன்னேன். அவரு காகிதத்தைப் படிச்சாரு. "கண்ணு சரியானதுல சந்தோஷம்மா. ஆனா ஒரு தடவை மறைச்சவங்களை மேல வெச்சா, அப்புறம் எல்லாரும் மறைப்பாங்க"ன்னாரு.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "காட்டிக் குடுத்தவளை மட்டும் ஏன் சார் கீழ இறக்கினீங்க? அவளையாவது மேல வெச்சிருக்கலாமே"ன்னு கேட்டேன். குத்தலாத்தான் கேட்டேன்.

அவரு காகிதத்தை மடிச்சு என்கிட்ட குடுத்தாரு. "உங்களுக்குத் தெரியாதா?"ன்னாரு.

"என்ன தெரியாதா?"

"நான் இறக்கலம்மா. அன்னிக்கு அவங்க வந்து உங்க கண்ணைப் பத்திச் சொன்னாங்க. அப்ப நீங்க மெடிக்கல்ல எப்படிப் பாஸ் பண்ணீங்கன்னு நான் கேக்கக் கூட இல்ல. அவங்களாவே, அட்டையில இருந்த எழுத்தைக் கையில எழுதிக் காட்டினது நான்தான் சார், அவ கேக்கலன்னாங்க. சொல்லிட்டு ஐடி கார்டைக் கழட்டி மேசையில வெச்சுட்டாங்க. உங்க இடத்துல பேனலுக்கு அவங்களைத்தான் நினைச்சிருந்தேன். வேண்டாம், பழைய வேலையைக் குடுங்க சார், அதுதான் சரின்னாங்க. உங்களை வேலையை விட்டு அனுப்பிடக் கூடாதுன்னு மட்டும் கேட்டுக்கிட்டாங்க."

நான் வெளிய வந்தேன். அன்னிக்கு மட்டும் நாலு பேருக்குச் செருப்பை மாத்திக் குடுத்துட்டேன். ஒரு அம்மா வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க.

நான் ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன் மேடம். அவ பதவிக்கு ஆசைப்பட்டு என்னைக் காட்டிக் குடுத்திருந்தா, எனக்குப் புரிஞ்சிருக்கும். மனுஷங்களுக்கு ஆசை இருக்கும். மூணாவதா வந்தவளுக்கு முதலா வரணும்னு இருக்கும். நாளாவட்டத்துல நான் மன்னிச்சுக் கூட இருப்பேன். ஆனா அவ ஒண்ணுக்குமே இல்லாம செஞ்சிருக்கா. தனக்கும் இல்லாம, எனக்கும் இல்லாம. அதை எப்படி மன்னிக்கிறது? எதுக்காகன்னு மன்னிக்கிறது? அவளை யாரு போய் உள்ளங்கையைக் காட்டச் சொன்னா? அதை ஏன் எங்கிட்ட சொல்லல? ஆறு மாசம் நான் வேன்ல அவளைக் கேக்க வெச்சுப் பேசுறேன், குழி பறிச்சவன்னு சொல்றேன், திரும்பி ஒரு வார்த்தை, "அப்படி இல்லடி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? என்னை எவ்வளவு கெட்டவளாக்கிட்டா பாருங்க.

போய்ப் பேசியிருக்கலாமேன்னு கேக்குறீங்க. எப்படிப் போறது? தப்பு பண்ணது அவ. அவதானே வரணும்?

வந்தா. போன மாசம். திருச்சியில அவ மகளுக்குப் பிரசவம் ஆகி, இரட்டைக் குழந்தைங்க. பாத்துக்க ஆள் இல்லைன்னு வேலையை விட்டுட்டுப் போறா. இங்க வேலையை விட்டுப் போறவங்க யாரா இருந்தாலும், கடைசி நாள் எந்த ரைடு வேணும்னாலும் ஒரு தடவை ஏறிக்கலாம்னு ஒரு வழக்கம். எல்லாரும் பெரும்பாலும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. இவ மத்தியானம் நேரா இங்க வந்தா. வீட்டுப் புடவை கட்டிக்கிட்டு. கூட ஷர்மிளா. க்யூல நிக்கிற மாதிரி நின்னு, அவ முறை வந்ததும் செருப்பைக் கழட்டி இந்த கவுண்டர் மேல வெச்சா. தோல் செருப்பு. இடது வார்ல தையல் விட்டிருந்துச்சு.

 நான் டோக்கன் குடுத்தேன். வாங்கிக்கிட்டு மேல போனா.

நான் பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா வண்டி இந்தப் பக்கமாத்தான் வரும், பாத்தீங்கள்ல, நம்ம தலைக்கு மேல. எல்லாரோட காலும் தெரியும். முகம் தெரியாது, கால்தான். நான் நிமிந்தேன். ரெண்டாவது வரிசையில அவ கால். அந்த விரல் நடுவுல இருக்குற தழும்பெல்லாம் அவ்வளவு உயரத்துல தெரியாது, ஆனா எனக்குத் தெரிஞ்சுது, அது அவ கால்தான்னு. மத்தவங்க எல்லாம் காலை ஆட்டிக்கிட்டுக் கத்துறாங்க. அவ ரெண்டு காலையும் சேத்து வெச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

இறங்கி வந்தா. முடியெல்லாம் கலைஞ்சு, முகம் வெளுத்துப் போய், சிரிச்சுக்கிட்டே வந்தா. ஷர்மிளா தள்ளியே நின்னுட்டா. கவுண்டர்கிட்ட அவ மட்டும்தான். எதிர நின்னு என் முகத்தைப் பாத்தா. வாய்க்கு வந்துச்சு மேடம் எனக்கு. வாடி, எப்படி இருந்துச்சு, பயந்துட்டியான்னு கேக்க வந்துச்சு. அதுக்குள்ள அவ கேட்டுட்டா.

"கண்ணு எப்படி இருக்குடி?"

அந்தக் கண்ணைத்தான் கேக்கணுமா? எட்டு மாசம் கழிச்சு வாயைத் திறந்தா, வேற எதுவும் கிடைக்கலையா? எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு.

"டோக்கன் குடுங்க மேடம்"ன்னேன்.

சும்மா, எல்லார்கிட்டயும் சொல்றதுதான். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை வாய்ல வர்ற வார்த்தை. பழக்கத்துல வந்துடுச்சு. அவ புரிஞ்சுக்கணும்ல?

 அவ முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த டோக்கனை எடுத்து கவுண்டர் மேல வெச்சா. நான் செருப்பை எடுத்து அவ பக்கம் நகத்தினேன். வாங்கிக் கீழ போட்டு, குனிஞ்சு, அந்த விட்டுப் போன வாரைச் சரி பண்ணிப் பண்ணி மாட்டினா. எவ்வளவு நேரம் மாட்டினான்னு நினைக்கிறீங்க. நான் காத்துக்கிட்டேதான் இருந்தேன், இன்னொரு தடவை ஏதாவது கேப்பான்னு.

நிமிந்தா. என்னைப் பாத்து, "சரிங்க"ன்னா. சொல்லிட்டு நடந்துட்டா.

சரிங்க. என்னைப் போய். வாடி போடின்னு பதினாறு வருஷம் ஒரே டப்பாவுல சாப்பிட்டவ மேடம், எனக்கு "ங்க" போட்டுட்டுப் போயிட்டா. எப்படி மனசு வந்துச்சு அவளுக்கு?